அதற்குக் கண்ணிமை உண்டு



நோன்பைப் பற்றியும் பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் மாமி மருமகள் பிணக்கைப் பற்றியும் எழுதுகிற என் போன்றவர்களிடம் நீங்கள் ஓணானைப் பற்றிய கட்டுரையை எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். "மவ்லவிக்கு எழுத விஷயம் முடிந்துவிட்டது போல" என்று சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் என்னுடைய பிழையொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த விஷயத்தை எழுத முடியாது.

எங்கள் ஊரில் சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதிய ஒரு தங்கை, திருமணமாகி, கணவருடனும் கணவரின் தாயாருடனும் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் குடியிருக்கிறார். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வாரமிருக்கும், தொலைபேசியில் குரல் செய்தி அனுப்பியிருந்தார்.

"மவ்லவி நானா, மகன் வேலியில இருந்து ரெண்டு பல்லி மாதிரி சாமான் புடிச்சிட்டு வந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்கான். மாமி, இது வஸக், வீட்டுல வைக்கப்படாது, அடிச்சா நன்மை எண்டு சொல்றாங்க. அவன் அழுதுகொண்டு நிக்கிறான். நான் என்ன செய்ய?"

அஸருக்குப் பின் வகுப்புக்குப் போகிற அவசரம். மாணவர்கள் காத்திருந்தார்கள். நான் படம் கேட்கவில்லை, விபரம் கேட்கவில்லை. "பல்லியென்றால் மாமி சொல்வது சரிதான், பிள்ளையை வேறு விளையாட்டில் திருப்பிவிடுங்கள்" என்று நடந்துகொண்டே பதில் அனுப்பினேன். மத்ரஸாவில் ஏழு வருடம் ஓதிய ஒருவன் ஒரு கேள்விக்கு ஏழு விநாடியில் கொடுத்த பதில் அது.

அங்கே அப்போது காலை நேரம். பிள்ளை பாடசாலைக்குப் போன பிறகு, மவ்லவியும் சொல்லிவிட்டார் என்று அந்த மூதாட்டி பெட்டியின் மூடியைத் திறந்து செருப்பால் ஒன்றை அடித்துவிட்டார். மற்றது இலைக்குள் பதுங்கிக்கொண்டது. எனக்கு இது தெரிந்தது மறுநாள் சுபஹுக்குப் பிறகுதான். தங்கையின் செய்தியோடு அவருடைய மகனின் செய்தியும் வந்திருந்தது. பத்து வயதுப் பிள்ளை. தமிழ் பாதி, ஆங்கிலம் பாதி. அதில் அவன் சொன்னது இவ்வளவுதான்: "அது பல்லியில்ல. அதுக்குக் கண்ணிமை இருக்கு. பல்லிக்குக் கண்ணிமை இல்ல. நீங்க பார்த்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. அதுதான் உண்மை. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டு, படத்தை அனுப்பச் சொன்னேன்.

வஸக் என்பது எது?

சகோதரிகளே, உங்களில் பலருக்கும் அந்த ஹதீஸ் தெரிந்திருக்கும். 'வஸக்' எனும் பிராணியைக் கொல்லும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்ததாகவும், இப்ராஹீம் (அலை) அவர்கள் போடப்பட்ட நெருப்பை அது ஊதியது என்று கூறியதாகவும் புகாரியில் வருகிறது. இந்த ஹதீஸை நான் மறுக்க வரவில்லை. ஆனால் நம்மவர்கள் ஊர்ந்து போகிற, வாலுள்ள எல்லாவற்றின் மீதும் இதை ஏற்றிவிட்டார்கள். வளவில் வேலியோரம் தலையாட்டுகிற ஓணான், படியோரம் மினுங்கி ஓடுகிற அரணை, எல்லாமே கல்லெறிக்கு ஆளாகிவிட்டன.

வஸக் என்றால் வீட்டுச் சுவரில் திரியும் பல்லி. அதில் பெரிய வகையை 'ஸாம்மு அப்ரஸ்' என்பார்கள். நம் ஷாபிஈ மத்ஹபின் பெரும் அறிஞர் இமாம் நவவி (ஹிஜ்ரி 676இல் வபாத்தானவர்) மொழி வல்லுநர்களைச் சுட்டி இப்படித்தான் விளக்கியிருக்கிறார். அரபு மொழி ஓணானுக்கும் பல்லிக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிற மொழியல்ல. பச்சோந்திக்கு 'ஹிர்பா', பாலைவன உடும்பு போன்றதற்கு 'ளப்' என்று தனித்தனிப் பெயருண்டு. ளப்பின் இறைச்சி விரிப்பில் வைக்கப்பட்டபோது நபியவர்கள் தமக்குப் பழக்கமில்லை என்று கையை எடுத்துக்கொண்டார்கள். காலித் பின் வலீத் (ரலி) அவர்களோ அங்கேயே உண்டார்கள். ஊர்வன எல்லாம் ஒரே சட்டத்தில் அடங்கும் என்றால் இது நடந்திருக்குமா?

ஹிஜ்ரி 808இல் வபாத்தான எகிப்திய அறிஞர் தமீரி அவர்கள் 'ஹயாத்துல் ஹயவான்' என்ற பெயரில் பிராணிகளைப் பற்றி அகர வரிசையில் பெரும் நூலே எழுதினார். ஷாபிஈ பிக்ஹு படித்த மனிதர்தான் அவரும். ஒவ்வொரு பிராணிக்கும் தனித் தலைப்பிட்டு, அதன் குணம் என்ன, அதைப் பற்றி என்ன சட்டம் என்று பிரித்துப் பிரித்து எழுதினார். நான் அரபுக் கல்லூரியில் அந்த நூலை அலுமாரியில் பார்த்ததுண்டு. திறந்து பார்த்ததில்லை. இந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பிறகுதான் திறந்தேன்.

பெட்டிக்குள் இருந்தது எது?

படம் வந்தது. பச்சை வெற்றிலைக் கொழுந்தின் நிறம். கூரிய முகம். மெலிந்த உடம்பு, அதைவிட நீண்ட வால். இதன் பெயர் 'அனோல்'. கரீபியன் தீவுகளிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் நானூறுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. புளோரிடா, ஜோர்ஜியா, கரோலினா தொடங்கி மேற்கே டெக்சஸ் வரை வீட்டு வேலிகளில் திரிவது பச்சை அனோல். பல்லியின் குடும்பம் வேறு, இதன் குடும்பம் வேறு. பல்லியைப் போலவே விரலடியில் ஒட்டும் தகடுகள் இருப்பதால் கண்ணாடியிலும் ஏறும். அதைப் பார்த்துத்தான் வாப்பும்மா ஏமாந்துபோனார். ஆனால் பிள்ளை சொன்னது போல இதற்கு இமையுண்டு. பகலில் திரிந்து இரவில் கண்ணை மூடி இலைமேல் படுத்து உறங்கும். வீட்டுப் பல்லிக்கு மூடுகிற இமை கிடையாது. கண்ணின் மேலே கண்ணாடி போன்ற தோல் மூடியிருக்கும், தூசு படிந்தால் நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். இதை இன்றிரவே உங்கள் குசினிச் சுவரில் பார்க்கலாம்.

அடுத்த கேள்வியை அந்தத் தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப மிச்சமிருக்கிற ஒண்ட வச்சிருக்கலாமா, நானா?"

இந்த முறை நான் அவசரப்படவில்லை. இரண்டு ஹதீஸ்கள் நினைவுக்கு வந்தன. ஒன்று, அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் ஒரு குருவியை வைத்து விளையாடியது. அது இறந்து பிள்ளை சோர்ந்திருந்தபோது, குருவிக்கு என்ன நடந்தது என்று நபியவர்கள் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டுத் தேற்றியது. இந்தச் சிறிய சம்பவத்திலிருந்து அறுபதுக்கு மேற்பட்ட பாடங்களை எடுத்துத் தனி நூலே எழுதினார் இப்னுல் காஸ் என்ற ஷாபிஈ அறிஞர். பிள்ளைகள் பறவை வைத்து விளையாடலாம் என்பது அதில் ஒன்று. மற்ற ஹதீஸ், பூனையைக் கட்டி வைத்துத் தானும் தீனி போடாமல், அது தானாகப் போய்ப் பூச்சி புழுக்களைத் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றியது. அவள் அதனால் நரகம் போனாள்.

இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். வைத்திருப்பது ஆகும், பட்டினி போடுவது ஆகாது. பெட்டிக்குள் போட்ட நாளிலிருந்து அதன் தண்ணீருக்கும் தீனிக்கும் சூட்டுக்கும் பிள்ளை பொறுப்பு, பிள்ளைக்கு நீங்கள் பொறுப்பு. முடியாவிட்டால் பிடித்த வேலியிலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்றேன்.

வாப்பும்மாவைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். அவர் மீது குற்றமில்லை. படித்தவன் சொன்னதைக் கேட்டு நடந்தார்.

ஒரு பிள்ளையின் குறிப்புப் புத்தகம்

அந்தப் பிள்ளை ஒரு கொப்பி வைத்திருந்தான். திகதி, நேரம், நிறம், என்ன செய்தது என்று நான்கு கோடு போட்டு எழுதுவான். தாயார் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புவார். நானும் அதைப் பற்றித் தேடிப் படிக்கலானேன். இனி நான் எழுதுவதில் பாதி அந்தக் கொப்பி, பாதி நான் படித்தது.

நாலாம் நாள் எழுதியிருந்தான்: தண்ணீர் வைத்தது அப்படியே இருக்கிறது, நிறம் மண்ணிறம், கண் உள்ளே போயிருக்கிறது. சிறிய கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் வைத்திருந்தும் அது குடிக்கவில்லை. தாயார் பயந்துவிட்டார். விஷயம் என்னவென்றால், அனோலுக்குக் கிண்ணத்தில் தேங்கி நிற்பது தண்ணீர் என்றே படுவதில்லை. காட்டில் அது குடிப்பது இலையில் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும்தான். துளி அசைய வேண்டும், மினுங்க வேண்டும். சட்டை அயர்ன் பண்ணும்போது தண்ணீர் தெளிக்கிற போத்தலை எடுத்து இலைகள் மீது தெளித்தார் தாயார். ஒரு நிமிடம் போகவில்லை, அது இறங்கி வந்து துளி துளியாக நக்கிக் குடித்தது. எத்தனை பேர் வீட்டில், கிண்ணம் நிறையத் தண்ணீர் இருக்கவே இந்தப் பிராணி தாகத்தில் செத்திருக்கும்! காலையும் மாலையும் தெளிக்க வேண்டும். பெட்டிக்குள் ஈரப்பதமும் அதனால் நிற்கும்.

தீனி விஷயத்திலும் இப்படித்தான். செத்த பூச்சியை அது திரும்பியும் பார்க்காது. அசைகிற பூச்சிதான் வேண்டும். அதன் தலையில் பாதியளவுக்கு மேல் பெரிதாக இருக்கக்கூடாது. சின்னச் சுவர்க்கோழிப் பூச்சிகளை அங்கே கடையில் உயிரோடு விற்கிறார்கள். வெறும் பூச்சியில் சுண்ணச் சத்துப் போதாது என்பதால் கல்சியம் தூளில் புரட்டிப் போடுவார்கள். அத்தோடு வெயில் வேண்டும். ஜன்னலோரம் பெட்டியை வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. எலும்புக்கு வேண்டிய விற்றமின் டீயை உடம்பு உண்டாக்குவது வெயிலிலுள்ள புறஊதாக் கதிரால். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். நேரே வெயிலில் வைத்தாலோ கண்ணாடிப் பெட்டி அடுப்பாகிவிடும், சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆகவே அதற்கென்றே உள்ள மின்குமிழைப் போட வேண்டும். பகலில் ஒரு மூலை 30 பாகை செல்சியஸ் அளவில் சூடாகவும் மறு மூலை குளிராகவும் இருந்தால் தனக்கு எது வேண்டுமோ அங்கே அது போய்க்கொள்ளும். இந்தக் குமிழின் விலையைக் கேட்டுவிட்டுத் தந்தையார் "பல்லி வளர்க்க இவ்வளவா?" என்றாராம். "பல்லியில்ல" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்களாம், வாப்பும்மா உட்பட.

நிறம் மாறுவதைப் பற்றிப் பிள்ளை ஐந்து பக்கம் எழுதியிருந்தான். அமெரிக்காவில் முன்பு இதைப் பச்சோந்தி என்று சொல்லியே கடைகளிலும் சர்க்கஸ்களிலும் விற்றிருக்கிறார்கள். இது பச்சோந்தியல்ல. இருக்கிற இடத்தின் நிறத்துக்கு ஏற்ப மாறுகிறது என்பதும் சரியல்ல. பச்சை இலையில் மண்ணிறமாகவும், மண்ணிறக் கொப்பில் பச்சையாகவும் இருப்பதைப் பிள்ளை திகதியோடு குறித்திருந்தான். குளிர்ந்தால் மண்ணிறம். பயந்தால் மண்ணிறம். உடம்பு சூடேறி நிம்மதியாக இருந்தால் பச்சை. தோலுக்கடியில் கறுப்பு நிறத்தைச் சுமக்கிற உயிரணுக்கள் இருக்கின்றன. அந்தக் கறுப்பு மேலெழுந்து பரவினால் மண்ணிறம், கீழே சுருங்கினால் பச்சை. உடம்பில் சுரக்கும் சுரப்புகள் அதை நடத்துகின்றன. அந்த ஓணானின் முகம் பார்த்துச் சுகம் விசாரிக்க முடியாது, தோலைப் பார்த்து விசாரிக்கலாம். "இண்டைக்குப் பச்சை" என்று ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தான். அது தண்ணீர் தெளித்ததற்கு மறுநாள்.

பெட்டிக்குள் இருந்தது பெண். செத்தது ஆண். ஆண் அனோலின் கழுத்துக்கடியில் மடிந்திருக்கிற தோலொன்று உண்டு. வேண்டும்போது அதை விசிறி போல விரித்து, இளஞ்சிவப்பாகக் காட்டி, முன்னங்கால்களை ஊன்றி உடம்பை ஏற்றி இறக்கித் தலையாட்டும். வெளியே வேலியில் திரியும் ஆண்கள் இப்படிச் செய்வதைப் பிள்ளை ஒரு மாதம் எண்ணியிருந்தான். வேலியின் இந்த முனையிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை ஒருவனுக்குரிய எல்லை, குழாயிலிருந்து படலை வரை இன்னொருவனுக்கு. எல்லை தாண்டினால் முதலில் விசிறி, பிறகு தலையாட்டல், பிறகு கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றும், அதற்குப் பிறகுதான் கடி. பெரும்பாலும் கடிக்கு முன்னரே ஒருவன் விலகிப் போய்விடுவான். நம்மூர் வளவுக் காணிச் சண்டைகளை நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் கொப்பில் நின்ற ஆணுக்கு முன்னால் உம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்திருக்கிறான். அது தன்னோடு தானே சண்டைக்கு நின்றதாம். அதனால்தான் ஒரு பெட்டியில் இரண்டு ஆண் வைக்கக்கூடாது என்கிறார்கள். விலகிப் போக அங்கே இடமில்லை.

வாலைப் பிடித்து அனோலைத் தூக்கக்கூடாது. பல்லியைப் போலவே வாலைக் கழற்றிவிட்டு ஓடிவிடும். வால் மீண்டும் முளைக்கும். ஆனால் முன்பிருந்த எலும்புக் கணுக்கள் திரும்ப வராது, அந்த இடத்தில் குருத்தெலும்புத் தண்டு ஒன்றுதான். தலையுச்சியில் கடுகளவு மூன்றாவது கண்ணொன்றும் உண்டு. உருவம் பார்க்காது, வெளிச்சத்தையும் இருட்டையும் உணரும். ஸுப்ஹானல்லாஹ்! பத்து வயதுப் பிள்ளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் அதைத் தேடிக் கண்டுபிடித்து, புள்ளியிட்டுப் படம் வரைந்திருந்தான். 2011இல் விஞ்ஞானிகள் ஊர்வனவற்றில் முதன்முதலாக முழு மரபணுத் தொகுதியையும் வாசித்தது இந்தப் பச்சை அனோலினுடையதைத்தான். கொஸ்தாரிக்கா நாட்டு ஓடைகளில் வாழும் இன்னொரு வகை அனோல், ஆபத்து வந்தால் தண்ணீருக்கடியில் போய் மூக்கின் மேல் ஒரு காற்றுக் குமிழியைப் பிடித்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சுவாசிக்கிறது என்று ஆய்வாளர்கள் 2021இல் எழுதியிருந்தார்கள். இதைச் சொன்னபோது பிள்ளைக்கு முன்பே தெரிந்திருந்தது.

தாய்மாருக்கு மட்டும்

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். அனோல், பல்லி, ஆமை, எந்த ஊர்வனவற்றின் எச்சத்திலும் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். பிராணி நல்ல சுகமாகத்தான் இருக்கும். மனிதருக்கு அது வயிற்றோட்டமும் காய்ச்சலும் தரும், கைக்குழந்தைகளுக்கு ஆபத்தாகவும் முடியும். இதனாலேயே அமெரிக்க அரசாங்கம் 1975இல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக் குஞ்சுகளை விற்பதைத் தடுத்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோ, நோயால் உடம்பு தளர்ந்தவர்களோ உள்ள வீட்டில் ஊர்வன வளர்க்க வேண்டாம் என்பது அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. பெட்டியைக் குசினியில் கழுவக்கூடாது. தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். அந்தத் தங்கை இதைக் கேட்டதும் பெட்டியைச் சாப்பாட்டு மேசையிலிருந்து உடனே எடுத்துவிட்டார்.

நம் வீட்டுப் பல்லிக்கும் இது பொருந்தும். சோற்றில் பல்லி விழுந்தால் விஷம் என்று நாம் சொல்லுவோம். நம் வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் கிருமியுண்டு, ஆகவே அந்தச் சோற்றைக் கொட்டத்தான் வேண்டும். காரணம் மாறினாலும் சோறு கொட்டத்தான்! கறிச் சட்டியை மூடி வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. "பல்லி சொன்னது, இன்றைக்குப் பயணம் வேண்டாம்" என்கிற பேச்சை மட்டும் நம் வீடுகளில் இருந்து எடுத்துவிடுங்கள். ஆண் பல்லி தன் எல்லையைச் சொல்லச் சத்தமிடுகிறது. உங்கள் மகளின் கல்யாணத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இதை வாசித்துவிட்டு உங்கள் பிள்ளைகள் "எனக்கும் ஓணான் வேணும்" என்று கேட்கக்கூடும். இலங்கையில் அனோல் கிடையாது, வரவழைக்கவும் வேண்டாம். ஓர் ஊரின் பிராணியை இன்னோர் ஊரில் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதே பச்சை அனோல்தான் சாட்சி. ஜப்பானுக்குத் தெற்கே ஒகசவாரா தீவுகளுக்கு 1960களில் இது போய்ச் சேர்ந்தது. அந்தத் தீவுகளில் மட்டுமே இருந்த பகற்பூச்சிகளைத் தின்று தீர்த்துவிட்டது. சொந்த ஊரிலோ இது துரத்தப்படுகிறது. கியூபா, பஹாமாஸ் பக்கமிருந்து வந்த மண்ணிற அனோல் 1887இலேயே புளோரிடாவில் காணப்பட்டது. இன்று அது தாழ்ந்த கொப்புகளைப் பிடித்துக்கொள்ள, பச்சை அனோல் மரத்தின் மேலே மேலே ஏறிப் போய்விட்டது. ஆகவே கடையில் வாங்கியதை ஒருபோதும் வெளியே விடக்கூடாது.

நம் நாட்டு ஓணான்களைப் பிடித்து அடைக்கவும் வேண்டாம். மூக்கில் கொம்புள்ளதும் மூக்கின் மேல் பந்து போன்ற புடைப்புள்ளதுமாக, உலகில் வேறெங்குமில்லாத வகைகள் நம் மலைநாட்டிலும் ஈரவலயக் காடுகளிலும் இருக்கின்றன. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கிறது. திருட்டுத்தனமாகப் பிடித்து வெளிநாட்டுக்குக் கடத்த முயன்று அகப்பட்டவர்களும் உண்டு. உங்கள் வளவில் திரிகிற சாதாரண ஓணானே போதும், பெட்டியும் தேவையில்லை. ஒரு கதிரையைப் போட்டு அரை மணி நேரம் பிள்ளையை உட்கார வையுங்கள். ஆணின் தலையும் தொண்டையும் இணைசேரும் காலத்தில் சிவப்பதைப் பார்க்கலாம். "இரத்தம் குடிக்கிறது" என்று நாம் சிறுவயதில் பயந்ததெல்லாம் அதுதான். அது குடிப்பது யாருடைய இரத்தத்தையுமல்ல. பெண் ஓணான் ஈரமான மண்ணில் குழி தோண்டி, பத்துக்கு மேற்பட்ட முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடி, தலையால் தட்டிச் சமப்படுத்திவிட்டுப் போவதை நான் இந்த வருடம்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நாற்பது வருடத்துக்கு மேலாக அதே வளவில் வாழ்ந்துகொண்டு.

சின்ன வயதில் ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்தவர்களில் நானும் ஒருவன். பிடித்த பிறகு என்ன செய்தோம் என்பதை எழுத மாட்டேன்.

ஒரு முட்டை

2023 ஜூன் மாதம் மீண்டும் குரல் செய்தி. பெட்டியிலுள்ள பாசிக்குள் ஒரு முட்டை! அவரை விதையளவு, வெள்ளை. அனோல் ஒரு தடவைக்கு ஒரு முட்டைதான் இடும். பருவ காலத்தில் வாரம் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக இட்டுக்கொண்டே போகும். பிள்ளை கேட்ட கேள்வி வேறு. "வாப்பா ஓணான் ஏப்ரல்லயே மௌத்தாகிட்டுத்தானே. இப்ப எப்படி முட்டை?"

தாயார் பதில் சொல்லச் சங்கடப்பட்டு என்னிடம் தள்ளிவிட்டார். பெண் அனோல் ஒரு முறை இணைந்த பின் அந்த வித்தைத் தன் உடம்புக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைத்து, முட்டைக்கு வேண்டியபோது எடுத்துக்கொள்ளும்படி அல்லாஹ் அதைப் படைத்திருக்கிறான். ஆண் இறந்த பிறகும் அதன் குஞ்சு பிறக்கும். பிள்ளைக்குப் புரிகிற விதமாக இதைச் சொன்னேன். சிறிது நேரம் சத்தமில்லை. "அப்ப அது முழுசா மௌத்தாகல்ல" என்றான். நான் அதைத் திருத்தப் போகவில்லை.

முட்டையைப் புரட்டாமல், கிடந்த பக்கமாகவே ஈரப் பாசியோடு ஒரு சின்னப் போத்தலில் வைத்தார்கள். ஊர்வன முட்டைகளைக் கோழி முட்டை போல உருட்டினால் உள்ளிருக்கும் கரு இறந்துபோகலாம். அந்த வீட்டில் பகலில் ஆளிருப்பது வாப்பும்மா மட்டும்தான். பாசி காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அவர் கைக்கு வந்தது. லுஹர் தொழுதுவிட்டுப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாராம். பேரனிடம் நேரே மன்னிப்புக் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் குஞ்சு வந்தது. வால் உட்பட ஆறு சென்ரிமீற்றர் இருக்கும். தாய்க்குப் பக்கத்தில் விட்டால் தாயே பிடித்துத் தின்னக்கூடும் என்பதால் அதைத் தனியாக எடுத்தார்கள். அவ்வளவு சிறிய வாய்க்கு அவ்வளவு சிறிய பூச்சி கிடைப்பது கஷ்டம். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பிள்ளையே முடிவெடுத்தான். பிடித்த அதே வேலியில், தண்ணீர்க் குழாய்க்கு இந்தப் பக்கம், ஆண் ஓணானை முன்பு பிடித்த கொப்பிலேயே குஞ்சை விட்டான். தாயையும் அன்றைக்கே விட்டுவிட்டான்.

கொப்பியின் கடைசிப் பக்கம் எனக்கு வந்தது. திகதி, நேரம், நிறம் எல்லாம் எழுதியிருந்தது. "என்ன செய்தது" என்ற கோட்டில்: வெயிலில் நின்றது, கண்ணை மூடித் திறந்தது, வாப்பும்மா தண்ணீர் தெளித்தா, குடித்தது.